சனி ஞாயிறு வீடு

திங்கட்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமை வரைக்கும் எங்கள் கடுக்காய்மேட்டுச் சரிவில் பன்னிரண்டு சிமெண்டுக் குத்துக்கல்லும் அதுகளுக்கு நடுவில் புல்லும்தான் இருக்கும், சனிக்கிழமை விடிந்து பனிமூட்டம் மேலே ஏறியதும் அந்தப் பன்னிரண்டு கல்லின் மேலும் ஒரு மரவீடு உட்கார்ந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு அது மறுபடியும் போய்விடும். எங்கே போகிறது என்று ஊரில் யாரும் கேட்டுக்கொண்டதில்லை. வேலைக்குப் போன ஆள் எங்கே போனார் என்று வீட்டில் கேட்பார்களா, சாயங்காலம் வந்தால் போதாதா, அந்த மாதிரிதான்.

வீடு மதுரைக்காரர்களுடையது. சார் பெயர் சௌந்தரபாண்டியன், மோட்டார் கம்பெனி ஒன்றில் பெரிய வேலை. மேடம் பெயர் ஹேமலதா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாரம் முழுக்க அவர்களுக்கு வேலை இருப்பதால் சனி ஞாயிறு மட்டும் காரில் மலையேறி வருவார்கள், வந்தால் சும்மா உட்கார மாட்டார்கள், சார் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு உப்புத்தாளை எடுத்துப் பலகை பலகையாகத் தேய்ப்பார், மேடம் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு ஆளிவிதை எண்ணெயைப் பூசுவார், நாங்கள் பதினோரு வீட்டு ஆட்கள் அவர்களோடு சேர்ந்து கூரை, கைப்பிடி, சன்னல், படிக்கட்டு என்று ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொள்வோம். மலையில் மற்ற நாள் மிளகும் காப்பியும்தான், அதுவும் பருவத்துக்குத்தான், இந்த வீடு வந்த பிறகுதான் வாரம் தவறாமல் வேலை என்று ஒன்று எங்களுக்கு இருந்தது.

அந்த வேலை முடியவே முடியாது. ஞாயிற்றுக்கிழமை பலகையெல்லாம் இழைந்து, சந்து தெரியாமல் பட்டி பார்த்து, எண்ணெய் குடித்துப் பளபளவென்று நிற்கும். அடுத்த சனிக்கிழமை பார்த்தால் வெயிலில் போட்ட வத்தல் மாதிரி வெடித்துக் கிடக்கும். அஞ்சே நாளில் எப்படி வெடிக்கிறது, அதுவும் இந்தக் குளிரில், என்று என் வீட்டுக்காரர் வேல்ராசு வாராவாரம் ஆச்சரியப்படுவார், சார் மட்டும் ஆச்சரியப்பட மாட்டார், விரலை விட்டு வெடிப்பை அளந்து பார்த்துவிட்டு, "பட்டி எடுங்க வேல்ராசு" என்று மட்டும் சொல்வார்.

முதல் தடவை வீடு போனது என் வீட்டுக்காரருக்குத்தான் தெரிந்தது, ஏனென்றால் அந்த வீட்டுக்குக் காவலும் இவர்தான். ஒரு திங்கட்கிழமை காலையில் போய்விட்டு வந்து, கொடுத்த காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, வீட்டைக் காணோம் என்றார். மத்தியானத்துக்குள் ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. வார்டு மெம்பர் பிச்சைமணி அண்ணன் போலீசுக்குச் சொல்லலாமா என்று கேட்டுவிட்டு, கடைசியாக வீட்டைப் பார்த்த ஆள் யார் என்று முதலில் கேட்பார்கள் என்று அவரே சொன்னார், எல்லோரும் இவரைப் பார்த்தார்கள், அதோடு அந்தப் பேச்சு நின்றது. மதுரைக்கும் சொல்ல வேண்டாம் என்று முடிவானது. சொன்னால் பயந்து இடத்தை விற்றுவிட்டுப் போய்விடுவார்கள், பதினோரு வீட்டு வேலை போய்விடும். சனிக்கிழமை எல்லோரும் என்ன பதில் சொல்வது என்று கைகட்டி நின்றபோது, மூட்டம் ஏறியது, வீடு இருந்தது, கீழே மூன்றாவது வளைவில் கார் ஹாரன் கேட்டது.

அதற்கப்புறம் பழகிவிட்டது. வார நாளில் குத்துக்கல்லுக்குக் குத்துக்கல் கயிறு கட்டித் துணி காயப்போட்டார்கள். நடுவில் ஆடு மேய்ந்தது. கரண்டு கணக்கெடுக்கிற ஆள் வந்து, வீடே இல்லாத இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வீடு பூட்டியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார், ஒவ்வொரு தடவையும் அப்படியே எழுதினார். ஒரு புதன்கிழமை அந்த இடத்திலேயே ஒரு சடங்கு வீட்டுக்குப் பந்தி போட்டோம். தீபாவளிக்கு மதுரைக்காரர்கள் வராத வாரம் வீடும் வரவில்லை, அதனால் கார் வந்தால்தான் வீடு வரும் என்பதும் தெரிந்தது.

உள்ளே விட்டது உள்ளேயே போகும் என்பதை ஒரு கோழியை வைத்துத் தெரிந்துகொண்டோம். தவமணி அக்காவின் கோழி ஒரு ஞாயிற்றுக்கிழமை பரண்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வீட்டோடு போய்விட்டது. சனிக்கிழமை திரும்பி வந்தது, கொழுத்திருந்தது, நாலு முட்டையும் இருந்தது, ஆனால் அதற்கப்புறம் தானியம் போட்டால் தொடாமல் தயிர்ச்சோறுதான் கேட்டது. அக்கா ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். என்றாலும் மனுசர் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாதில்லையா, அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கார் நாலு மணிக்குப் போன பிறகு, சாமான்களையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, தவமணி அக்கா முன்படியில் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவாள். கூப்பிட்ட ஆள் வெளியிலிருந்து குரல் கொடுக்க வேண்டும். கடைசியில் அவள், எல்லாரும் வந்தாச்சு என்பாள். அந்த வார்த்தை கேட்ட பிறகுதான் வீடு போகும் என்று நாளாக ஆக ஆகிப்போனது. ஒரு வாரம் அவளுக்குக் காய்ச்சல், கூப்பிட ஆளில்லை, வீடு ஏழு மணி வரைக்கும் காத்துக்கொண்டு நின்றது, பிறகு அவளைப் போர்வையோடு கூட்டிவந்து சொல்ல வைத்தோம்.

என் பேரைக் கூப்பிட்டால் நான் குரல் கொடுக்கிறது பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக்கூடக் கேட்காது. "ஏ நாகஜோதி, நீ பேசுறத எறும்புதான் கேக்கணும்" என்று அக்கா கேலி செய்வாள். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன், கல்யாணமாகி வேற மலையிலிருந்து இங்கே வந்தேன், எனக்கு இருபத்திரண்டு வயதாகிறது, நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மேடத்திடம் இரண்டு வருசத்தில் நான் பேசிய வார்த்தைகளை ஒரு கையில் எண்ணலாம்.

என் பிள்ளைக்குப் பதினோரு மாதம். பெண் பிள்ளை. எங்கள் வீட்டுக்காரர் வகையறாவில் குலசாமிக்கு முடி இறக்கும் வரைக்கும் பிள்ளையின் பேரை வெளியே சொல்ல மாட்டார்கள், பேர் மனசுக்குள் இருக்கும், வாயில் பாப்பா என்றுதான் வரும். முடி இறக்குவது ஞாயிற்றுக்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வேலை. இப்படியே இரண்டு தடவை தள்ளிப்போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காற்று கடுமையாக அடித்ததால் பிள்ளையை வெளியே மரத்தடியில் போட வேண்டாம் என்று மேடம் சொன்னார். பிள்ளைகளுக்கெல்லாம் பிஸ்கட் பாக்கெட் கொண்டுவந்து கொடுப்பாரே தவிர அவர் எந்தப் பிள்ளையையும் தொட்டதில்லை, அன்றைக்கும் தொடவில்லை, உள்ளறை உத்திரத்தைக் கையால் காட்டினார், நான் என் சேலையைத் தூளியாகக் கட்டிப் பாப்பாவைப் போட்டேன். அது பெருவிரலை வாயில் வைத்துக்கொண்டு ம்ம்ங், ம்ம்ங் என்று இழுத்து இழுத்துப் பாடிவிட்டுத் தூங்கும், அப்படியே தூங்கியது. மத்தியானத்துக்கு மேல் கூடத்துத் தரைக்கு எண்ணெய் பூசினோம். உள்மூலையில் ஆரம்பித்து வாசலில் முடிக்க வேண்டும், முடித்த பிறகு ரெண்டு நாளைக்குக் கால் வைக்கக் கூடாது, வைத்தால் அடி அப்படியே பதிந்துவிடும். சார் தன் கையால் கடைசிப் பலகையைப் பூசிவிட்டு முன்கதவைச் சாத்தினார், கார் போனது. நான் பின்பக்கம் ஏணியில் நின்று ஒரு சன்னலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். சன்னலை முடித்துவிட்டு அடுப்படிக் கதவு வழியாகப் போய்ப் பிள்ளையை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன், கூடம் வழியாகப் போக முடியாதில்லையா.

முன்பக்கம் தவமணி அக்கா கூப்பிட ஆரம்பித்தாள். வேல்ராசு என்றாள், இவர் குரல் கொடுத்தார். நாகஜோதி என்றாள். நான் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டே, இங்க இருக்கேங்க்கா என்றேன். எனக்கே தெரியாமல் அன்றைக்குப் பார்த்துக் குரல் நன்றாகக் கேட்டுவிட்டது. எல்லாப் பேரையும் கூப்பிட்டாள். எல்லாப் பேரும் வெளியே இருந்தது. பேரில்லாத ஒன்றை யார் கூப்பிடுவார்கள். நான் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டு அடுப்படிக் கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளைத் தொடக் கையை நீட்டினேன்.

"எல்லாரும் வந்தாச்சு" என்றாள் அக்கா.

கை நீட்டினபடியே இருந்தது. கைக்கு முன்னால் புல் இருந்தது, புல்லுக்கு அந்தப் பக்கம் குத்துக்கல் இருந்தது, அதற்கும் அந்தப் பக்கம் தவமணி அக்கா சேலை முந்தானையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்து நின்றாள். நடுவில் எதுவும் இல்லை. அக்காதான் என் இடுப்பைப் பார்த்தாள். என் இடுப்பைப் பார்த்துவிட்டு மரத்தடியைப் பார்த்தாள். மரத்தடியைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

கையை எப்போது இறக்கினேன் என்று எனக்கு நினைவில்லை.

ஊர் அதையும் சாதாரணமாக எடுத்துக்கொண்டது. அதைத்தான் இன்றைக்கு வரைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. திங்கட்கிழமை காலையில் ஆளாளுக்கு ஒரு தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தார்கள், சாவு வீடு மாதிரியும் இல்லை, பேறு வீடு மாதிரியும் இல்லை, வந்து உட்கார்ந்து, சனிக்கிழமை வந்துரும்த்தா, அஞ்சு நாளுதானே, கோழிக்கு ஒண்ணும் ஆகலயே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். செவ்வாய்க்கிழமை துணி காயப்போட வந்தவர்கள், உள்ளறை இருக்கிற பக்கத்துக் கயிற்றை மட்டும் மரியாதையாக அவிழ்த்துவிட்டு மற்றக் கயிறுகளில் காயப்போட்டார்கள். என் மார் கல்லாகக் கட்டிக்கொண்டது. பால் குடிக்கிற நேரத்துக்கெல்லாம் அந்தக் குத்துக்கல்லோரம் போய் உட்கார்ந்து, காலில் மிதிபடாத இடமாகப் பார்த்துப் பீய்ச்சிவிட்டு வந்தேன். தவமணி அக்கா தூரத்தில் நின்றுகொண்டிருப்பாள், கிட்டே வர மாட்டாள். அவளும் அந்த வாரம் சாப்பிடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

மதுரைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லலாமா என்று புதன்கிழமை நான் இவரிடம் கேட்டேன். சொல்லி என்ன ஆகப் போகிறது, வீடு அவர்கள் கையிலா இருக்கிறது, சனிக்கிழமை வரத்தானே போகிறது, நடுவில் சொல்லி ஊர்ப் பொழைப்பைக் கெடுக்காதே என்றார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. நான் மறுபடி கேட்கவில்லை. எனக்கு இரண்டு தடவை கேட்டுப் பழக்கமில்லை.

வியாழக்கிழமை காலையில் சாரே போன் செய்தார். இந்த வாரம் வர முடியவில்லை என்றார். மேடத்துக்குப் பரீட்சை நேரம், அடுத்த வாரமும் அப்படித்தான், மூன்று வாரம் கழித்து வருகிறோம், வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அரை மணி நேரத்தில் ஊர் முழுக்க எங்கள் வாசலில் இருந்தது. கார் வரவில்லை என்றால் வீடு வராது. எப்படியாவது அவர்களை வரவைக்க வேண்டும், ஆனால் உண்மையைச் சொல்லக் கூடாது. பிச்சைமணி அண்ணன் யோசித்து யோசித்து ஒவ்வொன்றாகச் சொன்னார், இவர் போனை எடுத்துச் சத்தமாக வைத்துக்கொண்டு அதை அப்படியே சாரிடம் சொன்னார். கரையான் பிடித்துவிட்டது சார் என்றார். அப்படியா, ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றார் சார். எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். கரையான் உள்ளுக்குள் இருக்கிறது சார், வெளியே தெரியாது. சரி, கூரையில் தண்ணி இறங்குகிறது சார். அதையும் போட்டோ எடுங்கள். மரம் விழுந்து கைப்பிடி உடைந்துவிட்டது சார். போட்டோ. புல்லைத்தான் போட்டோ எடுக்க வேண்டும் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அப்போது மேடம் போனை வாங்கினார். மருந்து அடித்துவிடுங்கள் வேல்ராசு, நாங்கள் வந்து பார்த்துக்கொள்கிறோம் என்று மெதுவாகச் சொன்னார். அவர் குரலுக்குப் பின்னால், ரொம்பப் பின்னால், ம்ம்ங், ம்ம்ங் என்று கேட்டது.

போன் வைக்கப்பட்டுவிட்டது.

பாப்பா அங்கே இருக்கிறது என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். இவர் என் தலையில் கை வைத்து, பால் கட்டிக்கிட்டா காதுல அப்பிடித்தான் கேக்கும், போய்ப் படு என்றார். மற்றவர்களும் பாவமாகப் பார்த்தார்கள். வீடே வந்து வந்து போவதை இரண்டு வருசமாக நம்புகிறவர்கள், மதுரையில் என் பிள்ளை பாடுகிறது என்பதை நம்பவில்லை.

எண்ணெய் டின் வருகிற அட்டைப்பெட்டியில் மதுரை விலாசம் ஒட்டியிருக்கும், அந்த அட்டையை நான் அடுப்பு விசிறக் கிழித்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அதை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். வத்தலக்குண்டில் இறங்கி மாறி ஏற வேண்டும் என்பதுகூட அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. மதுரையில் இறங்கி ஆட்டோக்காரரிடம் பேச வராமல் அட்டையை நீட்டினேன், அவர் என்னையும் அட்டையையும் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டார்.

அது மூன்று மாடிக் கட்டடம். கீழே நின்ற வாட்ச்மேன் யாரைப் பார்க்க வேண்டும் என்றார், அதையும் அட்டையில் காட்டினேன். அவங்களா, மாடில இருப்பாங்க, நேரா மேல போ என்றார். மூன்றாவது மாடிக்கும் மேலே படி போனது. மொட்டைமாடிக் கதவைத் தள்ளினேன்.

எங்கள் வீடு அங்கே இருந்தது.

தண்ணித்தொட்டிக்கும் டிஷ்ஷுக்கும் நடுவில், வெயிலில், பன்னிரண்டு காலும் சிமெண்டுத் தரையில் ஊன்றி நின்றது. நான் எண்ணெய் பூசின சன்னல் தெரிந்தது, பாதிப் பலகை அதற்குள் வெடித்திருந்தது. முன்படியில் யாரோ கூழ்வத்தல் பிழிந்து காயவைத்திருந்தார்கள். பக்கத்தில் காக்கா விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா என்னைப் பார்த்து, வேலைக்கு வந்தியா என்று கேட்டார். நான் வீட்டையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார். திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் இது இங்கதாம்மா நிக்கும், மொதல்ல எங்களுக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு, அப்புறம் மீட்டிங் போட்டு, துணி காயப்போடுற பக்கம் மறைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டோம், கொஞ்சம் தள்ளி நின்னுக்குது. சனி ஞாயிறு மாடி காலியா இருக்கும். மலையில வேலை செய்றவங்களுக்கு மட்டும் தெரியக் கூடாதாம், தெரிஞ்சா பயந்துக்கிட்டு வேலையை விட்டுப் போயிடுவாங்கன்னு ஹேமா சொல்லிருக்கா. நீ எங்கேர்ந்து வர்றே என்றார்.

அடுப்படிக் கதவு திறந்திருந்தது. நான் உள்ளே போனேன்.

மேடம் உள்ளறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். என் பிள்ளை அவர் மடியில் இருந்தது. புதுச் சட்டை போட்டிருந்தது, முடியை நடுவகிடு எடுத்து இரண்டு பக்கமும் ரப்பர் போட்டிருந்தது. என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டு மேடத்தின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

இடி விழுந்த இடத்தில் நின்றவர்கள் சொல்வார்கள், சத்தம் கேட்கவில்லை, வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது என்று. எனக்கு அப்படித்தான் இருந்தது. வெளியே காக்காவை விரட்டுவது கேட்கவில்லை, என் மூச்சு கேட்கவில்லை, அந்தச் சின்ன முதுகு மட்டும் தெரிந்தது.

மேடம் எழுந்திருக்கவில்லை. ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்து கதவைத் திறந்தேன், தூளியில் அழுதுகொண்டிருந்தது என்றார். உடனே போன் செய்ய எடுத்தேன் என்றார். எப்படிச் சொல்வது, வீடு இங்கே வருவதைச் சொல்ல வேண்டுமே என்று வைத்துவிட்டேன், நீங்களே கேட்பீர்கள், கேட்டதும் சொல்லிவிடலாம் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன் என்றார். அப்புறம் என்னை நேராகப் பார்த்தார்.

"நாலு நாள் ஆச்சு. பிள்ளையைக் கேட்டு ஒரு போன் வரல. நேத்துப் பேசினதும் கரையான், கூரைன்னுதான். பிள்ளையைக் காணோம்னா யாராவது தேட மாட்டாங்களா? ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்களா? வேணாம்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன் நாகஜோதி. நெனச்சேன்னு சொல்றேன். நெனைக்கணும்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் வரும் என்று நானே எதிர்பார்த்தேன். வந்தது, ஆனால் அது வருவதற்கு முன்னால் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் சொன்னது பொய்யில்லை. ஒரு ஊரே வாயை மூடிக்கொண்டு இருந்தது. நானும் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போய்ப் பால் பீய்ச்சிக்கொண்டு இருந்தேன். பதினோரு மாதப் பிள்ளையைத் தேடி நாலு நாளாக ஒரு பிள்ளைப்பூச்சிகூட மலையிறங்கவில்லை.

பிள்ளையைப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் அழும், என்னைப் பார்த்து அழுதுவிட்டால் அப்புறம் என்னால் இருக்க முடியாது. தரையில் அவர் எதிரே உட்கார்ந்தேன். இருவருக்கும் நடுவில் தூளி தொங்கியது. என் ரவிக்கை தானாக நனைந்தது, இரண்டு பக்கமும் வட்டம் வட்டமாக நனைந்து சேலையில் இறங்கியது. மூடிக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"எனக்குப் பேச வராதுங்க மேடம்" என்றேன். "பாப்பாவைக் குடுங்க."

அந்தப் பால் வாசனைக்குத்தான் என்று நினைக்கிறேன், குரலுக்கு இருக்காது, அது தலையைத் திருப்பியது. முதலில் என் ரவிக்கையைப் பார்த்தது. அப்புறம் என் கழுத்தைப் பார்த்தது. அப்புறம் மேடத்தின் மடியிலிருந்து கையை ஊன்றி இறங்கி, எண்ணெய் போட்ட தரையில் வழுக்கி வழுக்கித் தவழ்ந்து வந்து என் சேலையைப் பிடித்தது. மேடம் கையை எடுத்துவிட்டார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

பிள்ளை குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் தூளியை அவிழ்த்து, மடித்து என் பக்கத்தில் வைத்தார். துவைத்து நீலம் போட்டிருந்தார். நாளைக்கு நாங்கள் வரலாமா என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார், எங்கள் ஊரில் நாங்கள் அவரிடம் வேலை கேட்கிற மாதிரி. எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. பதினோரு வீடு என் தொண்டையில் நின்றது. வாங்க என்றேன், வேற என்ன சொல்வது. ஆனால் எழுந்து கதவுக்குப் போன பிறகு திரும்பி நின்று நானாக ஒன்று கேட்டேன். வாழ்க்கையில் நானாக ஒருவரைக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"அஞ்சு நாளா பாப்பாவை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க?"

"கூப்பிடவே இல்ல" என்றார். "கூப்பிட்டா திரும்பிப் பாத்துருமேன்னு பயமா இருந்துச்சு."

சனிக்கிழமை கார் வந்தது, வீடு வந்தது. ஊருக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதுபோல எல்லோரும் வேலையைப் பார்த்தார்கள். பிள்ளை எப்படிக் கிடைத்தது என்று நான் இவரிடம் மட்டும் சொன்னேன், இவர் பிச்சைமணி அண்ணனிடம் சொன்னார், அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது, எங்களுக்குத் தெரியும் என்று மதுரைக்காரர்களுக்கும் தெரியும், அவர்களுக்குத் தெரியும் என்று எங்களுக்கும் தெரியும், இருந்தாலும் சார் வெடிப்பில் விரலை விட்டு அளந்து பார்த்து, பட்டி எடுங்க வேல்ராசு என்றார். இவர் எடுத்துக் கொடுத்தார். நான் பிள்ளையை முதுகோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளிப்பக்கப் பலகைகளை மட்டும் தேய்த்தேன், உள்ளே போகவில்லை. மேடம் இரண்டு நாளும் நான் இருக்கிற பக்கம் வரவில்லை. பிஸ்கட்டும் கொண்டுவரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு சார் காரைத் திருப்பி நிறுத்தினார். மேடம் ஏறவில்லை. இங்கிருந்து வீடு போவதை அவர்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை, அவர்களுக்கு வீடு என்றால் வருகிறதுதான். இருங்க, பாத்துட்டுப் போகலாம் என்று சாரிடம் சொல்லிவிட்டுப் பாதையோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

தவமணி அக்கா படியில் நின்று கூப்பிட்டாள். எல்லோரையும் கூப்பிட்டு முடித்துவிட்டு, கடைசியில், பாப்பா என்றாள். இங்க இருக்கு என்றேன். காட்டு என்றாள். திரும்பி முதுகைக் காட்டினேன். இருந்தும் அவளுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அவள் உள்ளே போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள், பரணில் ஏறிப் பார்த்தாள், அடுப்படிப் பலகைக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தாள், வெளியே வந்து மூச்சு வாங்கிவிட்டு, மறுபடியும் உள்ளே போனாள். மூன்று தடவை போனாள். நான் போய் அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். வாங்கக்கா போதும், நான் சொல்றேன் என்றேன். நான் படியில் நிற்காமல், தரையில் நின்றே சொன்னேன், ஊர் முழுக்கக் கேட்டது.

வீடு போனது.

சத்தம் எதுவும் இல்லை, எப்போதும் இருக்காது. பன்னிரண்டு குத்துக்கல்லும் புல்லும் மூட்டமும் இருந்தது. ஆட்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு கலையத் தொடங்கினார்கள். மேடம் மட்டும் பாதையிலிருந்து இறங்கிப் புல்லுக்குள் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், கூடத்துத் தரைக்குள் நடக்கிற மாதிரி. கல்லுகளுக்கு நடுவில் இங்கேயும் அங்கேயும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீ எங்க நின்ன?"

நான் காட்டினேன். அடுப்படிக் கதவு இருந்த இடம், கடைசிக் கல்லுக்கு இந்தப் பக்கம், புல் மிதிபட்டுத் தேய்ந்து மண் தெரிந்தது. அவர் அந்த மண்ணில் போய் நின்றார். வெறும் காற்றைப் பார்த்தபடி நின்றார். பாதையில் சார் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். மூட்டம் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. பிள்ளை என் முதுகில் எட்டிப் பார்த்தது. மேடம் வலது கையை முன்னால் நீட்டினார், நீட்டியபடியே வைத்திருந்தார், ரொம்ப நேரம் இறக்கவே இல்லை.